மண்டபத்து வாசலில் நின்ற எட்வின் சார்

எட்வின் சார் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் மீன் விற்கும் கன்னியம்மா. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த கார்த்திகைக் காலை. கோவளத்தில் மீன் எடுத்து, பஸ் பிடித்து வந்து, கிழக்குத் தாம்பரத் தெருக்களில் விற்பவர் அவர். அன்று கூடையை இறக்காமலே என் வாசலில் நின்றார். "சிஸ்டர், நம்ம சார் பூட்டாரு. தூக்கத்துலயே பூட்டாராம். வூட்டாண்ட போய் மீனு மீனுன்னு கூவறேன், அவுரு வூட்டம்மா அழுதுகினு வந்து கதவத் தொறக்குது" என்றார். எனக்கு அவரை உள்ளே வரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

கன்னியம்மாவின் மகன் சேகர் எங்கள் போதை மீட்பு முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய வாரத்திலேயே இறந்தவன். எட்வின் சாரின் பிற்பாதி வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சாவைச் சுற்றித்தான் நடந்தது. அதனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சேகரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் சாரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவரோடு சண்டை போட்டவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, அதை விட்டுவிட்டு, போதைப் பழக்கத்திலிருந்து பையன்களை மீட்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் வந்து சேர்ந்தவர். எண்பதுகளின் நடுவில் பிரவுன் சுகர் என்ற ஹெராயின் தூள் இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு வந்தபோது எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் அல்லவா? அந்த மாதங்களில் வண்டலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குப் பிடித்து முகாம் நடத்துவோம். பந்தி போடும் கூடத்தில் பாய் விரித்துப் பையன்கள் படுப்பார்கள். நான் அங்கே நர்ஸ்; மணமகள் அறைதான் என் மருந்து அறை. சுவரில் ஒட்டியிருக்கும் பொட்டுகளைச் சுரண்டி எடுப்பதுதான் ஒவ்வொரு முகாமிலும் என் முதல் வேலை.

கடைசி நாள் குடும்பங்கள் வரும். தாலி கட்டும் மேடையில் பையன்கள் ஒவ்வொருவராக ஏறி, பெற்றவர்கள் எதிரில் கற்பூரம் அடித்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவார்கள். கிறிஸ்தவப் பையன்கள் பைபிளின் மேல் கை வைப்பார்கள். அந்தச் சடங்கை ஆரம்பித்து வைத்தவரே எட்வின் சார்தான். அழாத அம்மா ஒருத்தியும் இருக்கமாட்டாள். சாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்துவார்.

சேகர் ஆட்டோ ஓட்டினான். ஊசி புழங்க ஆரம்பித்த புதிதில் அதில் விழுந்தவன். மாத்திரை கொடுக்கப் போனால், "சிஸ்டர், இதுக்குப் பதிலா ஒரு பிரியாணி எழுதிக் குடுங்க" என்பான். நன்றாகத் தேறினான். கன்னத்தில்கூடச் சதை வைத்தது. கற்பூரத்தை அவன் அடித்த அடியில் நெருப்புப் பொறி என் புடவையில் தெறித்தது. அந்த வாரமே வீட்டுக் குளியலறையில் கையில் ஊசியோடு செத்துக் கிடந்தான்.

காரியம் முடிந்த பிறகு கன்னியம்மா எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். சாரும் நானும் மட்டும் இருந்தோம். நாற்காலியைக் காட்டினோம், உட்காரவில்லை.

"நான் சண்ட போட வரல சார். ஒண்ணு கேக்கணும். முன்னெல்லாம் தெனம் அவ்ளோதான போட்டுகினு இருந்தான்? அப்ப சாவல. நல்லாயி வந்தப்புறம் அதையே போட்டு எப்டி சார் செத்தான்?"

சார் மெதுவாகச் சொன்னார். "தெனம் போடறப்போ உடம்பு அதுக்குப் பழகியிருந்துச்சும்மா. விட்டுட்டா அந்தப் பழக்கம் போயிடும். அப்புறம் பழைய அளவே ஆளக் கொன்னுடும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவனாண்ட சொன்னீங்களா?"

சார் இல்லை என்று தலையாட்டினார். தெரிந்தவர்கள் யாருமே அப்போது சொல்வதில்லை. திருந்திப் போகிறவனிடம் திரும்பப் போடும் அளவைப் பற்றிப் பேசினால், போய்ப் போடு என்று நாமே சொன்னதாகிவிடுமோ என்ற பயம். ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? கன்னியம்மா போகும்போது இன்னொன்றும் சொன்னார். "கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணான்ல, அதான் எனக்குத் தெரியக்கூடாதுன்னு கதவ சாத்திகினான். சத்தியம் பண்ணாம இருந்திருந்தா என் எதிர்லயே போட்டிருப்பான். நானாவது தூக்கினு ஓடியிருப்பேன்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த முகாமின் கடைசி நாள். கற்பூரத் தட்டை சார் ஓரமாக வைக்கச் சொன்னார். மைக்கைப் பிடித்து, "தம்பிங்களா, மறுபடி தொடாதீங்க. தொட்டுத்தான் தீருவேன்னா பழைய அளவு போடாதீங்க, செத்துருவீங்க. தனியா போடாதீங்க. அடுத்தவன் ஊசிய வாங்காதீங்க. வெட்கப்படாம எங்கிட்ட வாங்க. திட்டுவேன், பரவாயில்ல, வாங்க" என்றார். கூடம் இரண்டுபட்டது. ஒரு அப்பா நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "இதுக்கா சார் பணத்தக் கட்டி இங்க விட்டோம்? எப்படிப் போடணும்னு கிளாஸ் எடுக்கறீங்களா?" என்று கத்தினார்.

மண்டபத்து முதலாளி அதற்கு மேல். விளைநிலத்தில் மண்டபம் கட்டிய குடும்பம், பழகுவதற்கு நல்ல மனிதர். "சார், தாலி கட்டற மேட இது. இங்க நின்னுகினு சாவு கீவுன்னு பேசறீங்களே, நாளைக்கு எவன் இங்க கல்யாணம் வெப்பான்? சத்தியம் பண்ண வெக்கறதா இருந்தா மண்டபம். இல்லாட்டி வேற எடம் பாத்துக்குங்க" என்றார். அறக்கட்டளைக்காரர்களும் அவர் பக்கமே பேசினார்கள். அந்த வாடகைக்கு வேறு இடமும் கிடைக்காது. அன்று சார் வேலையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். விடவில்லை. "மேடையில சொல்லக்கூடாது. வாசல்ல சொல்லலாமா?" என்று கேட்டார். வாசல் ரோட்டைச் சேர்ந்தது, என்னவோ செய்யுங்கள் என்றார் முதலாளி.

அன்றிலிருந்து மேடையில் கற்பூரம் அடித்தார்கள், வெளியே வாழைமரம் கட்டும் கம்பத்தருகில் சார் நின்றார். வெளியேறும் ஒவ்வொருவனையும் தோளோடு இழுத்து, காதில் அதையே சொல்வார். தள்ளி நிற்கும் அம்மாக்கள் அவர் ஏதோ ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் கூட்டத்தில் முண்டி, "என் புள்ளைக்கும் பண்ணுங்க சார்" என்று மகனை முன்னால் தள்ளியதும் உண்டு. சார் மறுத்துப் பேசமாட்டார். வெயில், மழை எதுவானாலும் கடைசிப் பையன் போகும்வரை அங்கிருந்து நகரமாட்டார்.

முகாமுக்கு வந்த பாபுவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முகாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அலுவலகத்துக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "சார், போட்டுட்டேன். நீங்க சொன்னீங்களேன்னு கொஞ்சமா போட்டேன், அதுக்கே சுருண்டு வுழுந்துட்டேன். மச்சான் கூட இருந்தான், ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனான்." சார் அவனைத் திட்டினார் பாருங்கள், டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினார். திட்டி முடித்து என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "உயிரோட இருந்தாத்தானே சிஸ்டர் திட்ட முடியும்" என்றார். அவர் சிரித்ததை நான் பார்த்த வெகு சில தடவைகளில் அது ஒன்று. அந்த பாபுவும் நிலைக்கவில்லை. எங்களிடம் வருவதற்கு முன்பே யாருடைய ஊசியிலிருந்தோ எய்ட்ஸ் அவனுக்கு வந்துவிட்டிருந்தது. கடைசியில் அவனைத் தொட்டுக் குளிப்பாட்ட சொந்தக்காரர்கள் பயந்தபோது சாரும் நானும்தான் செய்தோம். அன்று சார் யாரையும் திட்டவில்லை.

கன்னியம்மா கூடையோடு அவர் தெருவுக்கு வருவதை நிறுத்தவே இல்லை. சாரும் அவரிடம்தான் மீன் வாங்குவார். மகனைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மனசு கேட்காமல் ஒருநாள் நானே கேட்டேன், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று. "கேக்கல சிஸ்டர். கேட்டா அது குடுத்துடும். குடுத்துட்டா நான் வாசல்ல நிக்கறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதன் தன்னை இப்படியா வதைத்துக்கொள்வான்?

அடக்கத்துக்கு வந்த கூட்டம் சிறியது. போதகர் நல்ல வார்த்தைகள் பேசினார். ஒழுக்கம், தொண்டு, விசுவாசம் எல்லாம் சொன்னார். வாசலில் நின்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி முழுக்கைச் சட்டை போட்ட சிலர் நின்றார்கள். அந்தப் புழுக்கத்தில் ஏன் முழுக்கை என்று எனக்குத் தெரியும், ஊசித் தழும்புகள். எல்லோரும் கலைந்த பிறகுதான் அவர்கள் வந்து மண் போட்டார்கள். அதில் ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, இனிமே வாசல்ல யாரு?" என்று கேட்டார்.

மார்கழி முகாம் போன வாரம் முடிந்தது. கற்பூரம் அடித்து முடித்ததும் நான் போய் அந்தக் கம்பத்தருகில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. முதல் பையனைத் தோளில் தட்டி மட்டும் அனுப்பினேன். அடுத்தடுத்து வந்தவர்களிடம் ஒருவாறு சொல்லிவிட்டேன். கடைசியாகக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் வந்தான். நான் பாதி சொல்வதற்குள் அவன் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "என்னம்மா பேசறீங்க? இப்பதான் சத்தியம் பண்ணிட்டு வர்றான், மறுபடி போடுவான்னு நீங்களே சொல்றீங்களா?" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அவன் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கீழே நின்று மீதியையும் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா ஜன்னல் ஷட்டரை இறக்கினார். பஸ் கிளம்பிவிட்டது.

அவன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எட்வின் சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். ஒவ்வொரு முகாம் முடிந்த வாரமும் அவர் அலுவலகத்தில் வேலையே ஓடாமல், எந்த அம்மாவாவது படியேறி வருகிறாளா என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வாரம் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.