விடுமுறை இல்லாத விசிறி

அந்த சுவிட்சுக்கு நான்தான் சந்தனப் பொட்டு வைத்தேன். பிறகு நானே அதை அணைத்தேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் எந்த சுவிட்சைத் தொட்டாலும் விரல் நுனியில் அந்தச் சந்தனத்தின் ஈரம் தெரிகிறது.

பேரையூர் போகிற வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவே, பாத்திரங்களுக்கு எனாமல் பூசும் தொழிற்சாலை அது. சூளைக்கு வேண்டிய காஸை மண்ணுக்கடியில் ஒரு பெரிய தொட்டியில் புதைத்து வைத்திருந்தார்கள். தொட்டியின் வால்வுகள் ஆள் உயரக் குழிக்குள் இருக்கும். மேலே இரும்புச் சல்லடை மூடி. இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் குழியின் அடியிலிருந்து ஒரு குழாய் வைத்து, அதை இழுத்து வெளியேற்ற ஒரு விசிறி இரவும் பகலும் ஓடும். அந்த விசிறிக்குக் காவல் எங்கள் பாதுகாப்பு சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. வாசலில் எல்லோருடைய தீப்பெட்டியையும் பிடுங்கி வைத்துக்கொள்வார். எங்களுக்கு அவரைப் பிடிக்காது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாள் அவர் ஏதோ வேலையாகத் தல்லாகுளத்து அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டோம். தொழிற்சாலையிலேயே சமதளமான, சுத்தமான இடம் குழியின் மூடிதான் என்று அதன் மேல் பலகை போட்டு, துணி விரித்து, சாமி படத்தையும் ஸ்பேனர்களையும் அடுக்கினோம். பூசையன்று எந்த மிசினும் ஓடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சூளை, லேத், பம்பு என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து நிறுத்திக்கொண்டே வந்தேன். விசிறியும் மிசின்தானே. நிறுத்தினேன். மூளை இருந்ததா என்று கேட்டால் இல்லை.

ஃபோர்மேன் தட்டில் சூடம் வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்த நேரத்தில் சூப்பர்வைசர் உள்ளே வந்தார். அவருக்கு முதலில் கேட்டது சத்தம் அல்ல, சத்தம் இல்லாததுதான். ஓடி வந்து தீப்பெட்டியைப் பறித்து, வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினார்.

"யாருய்யா விசிறிய நிறுத்துனது?"

"இன்னைக்கு எல்லாத்துக்கும் லீவுண்ணே. அதுவும் பாவம், வருசம் பூரா ஓடுதுல்ல" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பயந்துபோய் சுவிட்சைப் போட ஓடினேன். "தொடாத! கைய எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றேன். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் பலகையைக் கொஞ்சமாக நகர்த்தி, காஸ் இருக்கிறதா என்று காட்டும் மீட்டரின் ரப்பர் குழாயைக் குழிக்குள் இறக்கி, குமிழை அமுக்கினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு வாசனையே தெரியவில்லை. அங்கேயே கிடந்து மூக்கு மரத்துப்போயிருந்தது.

"அம்புட்டுப் பேரும் வெளிய போங்க. திட்டுறதுன்னா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு திட்டுங்க."

திட்டினோம். சாமிக்கு முன்னால் கை நீட்டியதற்காகத் திட்டினோம். ஒருத்தன் அவர் பிறந்த தெருவைச் சொல்லி ஏசினான். நான் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவர் காதில் எல்லாம் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் மூடியைத் திறந்துபோட்டு, காஸ் கலைந்து போகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, முள் கீழே இறங்கும்வரை தனியாக நின்றார்.

மறுநாள் ஃபோர்மேன் புகார் எழுதிக் கொடுத்தார். பூசையைக் கெடுத்தார், விசிறியைக் கவனிக்காமல் குழியில் காஸ் நிரம்ப விட்டதும் அவர்தான் என்று. மேனேஜருக்குத் தகராறு இல்லாமல் நாள் ஓடினால் போதும். சூப்பர்வைசர் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றார். "மீட்டர மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம் அந்த மனிதர்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய், "நிறுத்துனது நான். அவரு வரலைன்னா இந்நேரம் உங்களுக்கு மேசையும் இருக்காது, எனக்குத் தலையும் இருக்காது" என்றேன். பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அவர் வேலை தப்பியது.

திரும்பி வந்தபோது அவர் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடம் பூசை கேட்டுக்கு வெளியே சாலையோரம் நடந்தது. அவரே சூடம் வாங்கி வந்திருந்தார். ஏற்றி முடித்து அணைந்த பிறகு, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "விசிறிக்கும் பொட்டு வச்சுட்டு வா. கைய மட்டும் வைக்காத" என்றார். முதல்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டது போல இருந்தது. சுவிட்சுப் பக்கத்தில் "தொடாத" என்று கத்தியதும் ஒருமைதான் என்பது நினைவுக்கு வந்து திருத்திக்கொண்டேன்.

இப்போது கே.கே. நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடிக் கட்டடம். எல்லா வீட்டு அடுப்புக்கும் கீழே ஒரே காஸ் தொட்டி. அதற்கும் ஒரு குழி, ஒரு விசிறி. போன ஆயுத பூசைக்குக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் விசிறியை நிறுத்திப் பூசை போடச் சூடத் தட்டோடு கீழே இறங்கினார்கள். "பெருசு, நகருங்க, ஒரு அரை மணி நேரந்தான்" என்றார் செயலாளர். நகரவில்லை. சூடத்தை வாசலுக்கு வெளியே கொண்டுபோகும்வரை சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். கிறுக்குக் கிழவன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பொட்டு வைக்கட்டும். கை வைக்க விடமாட்டேன்.