நூறாவது சொல்லுக்குப் பிறகு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் பூட்டுக்காரர் கடை வைத்திருந்தார். ஓர் ஆள் உட்காரலாம். இரண்டாம் ஆள் வந்தால் அவர் முழங்கால் தெருவில் நிற்கும். எதிரே பார்சல் அலுவலகத்தில் நான் பதிவு எழுத்தராக இருந்தேன். ஆகவே இதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. மற்றதை அவர் வாயால் கேட்டேன்.

அவர் பேச்சே ஒரு தினுசு. பழைய பூட்டை நீட்டினால் முதலில் புதுப்பூட்டின் பெருமையைப் பாடுவார். துருப்பிடிக்காது, சாவி மூன்று கிடைக்கும், என் கூலியும் மிச்சம் என்பார். வந்தவர் எழுந்து போகப் பார்க்கும்போது, "ஆனா இதோட உள்வேலை இரும்பு, புதுசுல வெறும் தகரம். இதையே சரி பண்ணித் தர்றேன்" என்பார். எதிராளி சொல்ல வேண்டியதையும் தானே சொல்லிவிட்டால் பிறகு மறுப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

"ஏம்ப்பா, நேராச் சொன்னா வாய் வலிக்குமா?" என்று பக்கத்துக் கடையில் பை தைக்கும் அம்மா கேட்பார்.

"சாவியை நேராக் குத்தினா மட்டும் திறந்துருமாக்கா? திருப்பணும்ல?"

அந்தச் சந்தை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்ட நகராட்சி யோசிப்பதாகச் செய்தி வந்தது. கடைக்காரர்கள் கூடிப் பேசி வார்டு தேர்தலில் பூட்டுக்காரரை நிறுத்தினார்கள். எதிர்த்து நின்றவர் கம்பியும் சிமெண்டும் விற்பவர். வேறு யாரும் நிற்கவில்லை. பூட்டுக்காரர் ஜெயித்தால் சந்து தப்பும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும்.

உள்ளூர் நாளிதழ் வாக்காளர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கியது. வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் நூறு சொல். அதற்கு மேல் போனால் நூறாவது சொல்லோடு நிறுத்தப்படும் என்று கேள்வித்தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் தயாரித்தவன் பூட்டுக்காரரின் மைத்துனன். தாய் தகப்பன் போனபின் அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். கேள்வித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவனே.

"நூறுல என்னத்த மாப்ள சொல்றது? எனக்குத் தொண்டையைச் செருமவே அம்பது வேணுமே."

"நீங்க மனசுல இருக்கறத எழுதுங்க மாமா. வெட்டறதா இருந்தா நான்தானே வெட்டணும்? உங்களை விட்டுருவேனா?"

அந்தப் பேச்சை நம்பி அவர் மூன்று மதியங்கள் எழுதினார். சந்தை இடிக்கலாமா என்ற கேள்விக்கு வழக்கம்போலவே ஆரம்பித்தார். நெரிசல் உண்மைதான், கார் நிறுத்த இடமில்லை, சந்தின் கூரைகள் ஒழுகுகின்றன, புதுக் கட்டடம் வந்தால் ஊருக்கு அழகு. இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆனால்" என்று திரும்பி, பிழைப்பு, மாற்று இடம், பேருந்து நிலையத்துக்குக் கிழக்கே சும்மா கிடக்கும் மைதானம் என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார். நான் படித்துப் பார்த்தேன். நல்ல பதில்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் பக்கம் வந்தது. அவர் பதில் "ஊருக்கு அழகு" என்பதோடு நின்றது. கீழே பொடி எழுத்தில், சொல் வரம்பு. பக்கத்திலேயே கம்பிக்கடைக்காரரின் பதில், தொடக்கம், நடு, முடிவு எல்லாம் கச்சிதமாக.

பை தைக்கும் அம்மா பேப்பரைக் கடை மேடையில் போட்டார். "இடிக்கச் சொல்லவா உன்னை நிறுத்தினோம்?"

"மீதி இருக்குக்கா."

"எங்க இருக்கு?"

எழுதிய தாள் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தது. பிரச்சாரம் முடிந்துவிட்டது, மறுப்புப் போட அடுத்த இதழ் வாக்குப்பதிவு அன்றுதான். மைத்துனனைத் தேடிப் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். அவன் வாசலுக்கு வந்து, உள்ளே அழைக்காமல் நின்றான்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா."

"கம்பிக்கடைக்காரர் நூறுக்குள்ளதான் எழுதினாரா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "அவரும் நீளமாத்தான் எழுதினார். அவர் ஆள் வந்து கேட்டார். உட்கார்ந்து குறைச்சுக் கொடுத்தேன்."

"எனக்கு?"

"உங்களுக்குக் குறைச்சுக் கொடுத்தா சொந்தக்காரனுக்குச் சலுகைன்னு பேசுவாங்க. அதான் உங்களுதைத் தொடவே இல்ல. நூறு எண்ணினேன், நிறுத்தினேன்."

"படிச்சுப் பார்த்தியா?"

"படிச்சேன்."

பூட்டுக்காரர் தெருவில் இறங்கி நடந்தார். படிக்காமல் வெட்டியிருந்தால் மன்னித்திருப்பேன் என்று திரும்பி வரும்போது சொன்னார்.

தோற்றார். சந்துக்குள்ளேயே பலர் அவருக்குப் போடவில்லை. அதை மறைக்கவும் இல்லை. காலி செய்யும் அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, அதிகாரியைப் பார்க்கப் போன கடைக்காரர்கள் இவரைக் கூப்பிடவில்லை. "நீதான் ஏற்கெனவே சம்மதம் எழுதிக் கொடுத்துட்டியே" என்றார் பை தைக்கும் அம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. பூட்டுக்காரரை அதுதான் அதிகம் வாட்டியது.

கடையைக் காலி செய்த அன்று அவர் மனைவி வந்திருந்தார். சாவி வெட்டும் இயந்திரத்தை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. என் இடுப்பு எதற்கும் உதவாது.

"தம்பி தெரு முனைல நிக்கறான். கூப்பிடட்டுமா?" என்றார் மனைவி.

பூட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேருந்து நிலையச் சுமைக்காரர் ஒருவரைக் கைதட்டி அழைத்தார்.

"வீட்டு ஆளு இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?"

"கொஞ்ச நாள் நானும் வெளி ஆளா இருந்து பாக்கறேன்" என்றார். "வெளி ஆளுக்குத்தானே அவன் உக்காந்து வேலை செஞ்சான்."

சுமைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடித்தார். மனைவி சாவிக் கொத்துகளைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். தெருமுனையில் நின்றவன் வழிவிட்டு ஒதுங்கினான்.