காலி வீதி முனையில் கிடைத்த பதில்

கடந்த வருட மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் செயலற்றுப் போயின. அது பெரிய இடிதான். ஆனால் எங்கள் வீட்டை உண்மையில் இருட்டாக்கியது அதற்குப் பிறகு நடந்த ஒன்று.

பயிற்சிச் சிகிச்சைக்கு அவரை வாடகைக் காரில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் வழியில் அப்பாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை. ஆசனம் நனைந்துவிட்டது. சாரதி காரை ஓரங்கட்டி எங்களை இறக்கிவிட்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இனி யாருடைய வாகனத்திலும் ஏற மாட்டாராம். குழறும் நாக்கால் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"எங்கட கார் எண்டா வாறன்."

எங்கள் கார் வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பின் கீழே தூசி படிந்து நின்றது. கியர் மாற்றி ஓட்டும் பழைய கார். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அப்பா. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. இப்போது பயிற்சி நின்றால் கால் இறுகிவிடும், பிறகு வாழ்நாள் முழுக்கக் கட்டில்தான் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

நான் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவள். படிப்பும் அப்படி, கம்பியூட்டர் வேலையும் அப்படி. யூடியூபில் கிளச் எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கும் வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் கார் பழகும் முதல் வகுப்புக்கே போனேன். கார் என் படிப்பை மதிக்கவில்லை. குலுங்கும், இருமும், நின்றுவிடும். பழக்கிய மாஸ்டர் மாளிகாவத்தைக்காரர், பொறுமைசாலி. "தங்கச்சி, முட்டய வெக்கிற மாதிரி கிளச்ச விடணும். நீங்க தேங்கா ஒடைக்கிறீங்க," என்பார். சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுவேன். ட்ரையலில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை எப்படியோ லைசன்ஸ் கிடைத்தது. அதுவரை நானும் அம்மாவும் வீட்டிலேயே அப்பாவின் காலைத் தடவி, நீட்டி மடக்கிச் சமாளித்தோம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கூட்டத்து ரூபி அன்ரி, ஜெபித்த ஒலிவ எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கே வந்துவிட்டார். காரின் சாவியில் பூசினார், ஸ்டியரிங்கில் பூசினார். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்தார். "காலுக்கும் ஆண்டவர் துணை வேணும் பிள்ளை," என்று மூன்று பெடலிலும் தாராளமாகப் பூசி ஜெபித்தார். நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

மறுநாள் அப்பாவை முன் ஆசனத்தில் இருத்திப் பெல்ட் போட்டோம். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். நான் முதல் கியரைப் போட்டேன். மெல்லத்தான் விட நினைத்தேன், ஆனால் எண்ணெய் பூசிய கிளச்சிலிருந்து என் செருப்பு வழுக்கிவிட்டது. கார் பாய்ந்து வாசல் கேற்றுத் தூணில் மோதியது. முன் விளக்கு நொறுங்கியது. அப்பாவின் உணர்வில்லாத கை கதவில் அடிபட்டு இரத்தம் வந்தது. வலி தெரியாததால் அவர் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

ரூபி அன்ரி கேள்விப்பட்டு அன்றே ஓடிவந்தார். சவர்க்காரத் தண்ணீரும் பழந்துணியுமாகக் காருக்குள் முழந்தாளிட்டு, அழுதழுது பெடல்களைத் துடைத்தார். "இனிச் சாவிக்கு மட்டும் போதும்," என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்பா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பாடு பாதி. அம்மா உபவாசம் இருந்தார். நான் ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. உம்முடைய எண்ணெய்தானே ஆண்டவரே என்று கேட்டேன். கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தது. தடவிவிடும்போது எனக்கே தெரிந்தது. ஒரு மாலை என் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் விழுந்து கத்தினேன். எனக்கு ஏலாது. திறமை இல்லை, தைரியம் இல்லை, விசுவாசமும் முடிந்துவிட்டது. அப்பாவின் கால் என் கையால் போகப் போகிறது. நீரே ஏதாவது செய்யும்.

எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. நான் கெஞ்சியது கர்த்தரிடம். அது அப்பாவின் காதிலும் விழுந்திருக்கிறது. காலையில் அவர் அம்மாவிடம் தன் காற்சட்டையைக் கேட்டார். நான் அறைக்குள் போனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"இடிச்சாலும் பரவாயில்லை," என்றார். "போவம்."

எங்கள் ஒழுங்கை குறுகிய தெரு, பின்னால் கால்வாயோடு முடிந்துவிடும். வெளியே போக ஒரே வழி, மேட்டில் ஏறிக் காலி வீதி என்னும் பெருந்தெருவில் இறங்குவது. அந்த முனையில் கார் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தேன், பின்னால் உருண்டது. பிரேக் பிடித்தேன், மறுபடி நின்றது. பின்னால் ஓட்டோக்களின் ஹோர்ன், முன்னால் ஓயாத பஸ்கள். ஆண்டவரே இந்த பஸ்களை எடுத்துவிடும், ஒரு நிமிடம் வீதியைக் காலியாக்கும் என்று கேட்டேன். வீதி காலியாகவில்லை. ஒரு தனியார் பஸ் எங்களுக்கு நேரே வந்து நின்றது. கொண்டக்டர் குதித்து இறங்கினார். ஏசப்போகிறார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு வீதி நடுவே போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வந்த வாகனங்களை எல்லாம் மறித்தார்.

"நங்கி, பய வென்ன எப்பா," என்றார் சிங்களத்தில். "ஹெமின்."

பயப்படாதே தங்கச்சி, மெதுவாக வா. அவ்வளவுதான். கிளச்சை மெதுவாக விட்டேன். கார் குலுங்காமல் ஏறித் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தபோது அவர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டி ஏறிக்கொண்டிருந்தார். பெயரும் தெரியாது, நன்றியும் சொல்லவில்லை. அவரை அங்கே இறக்கியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா இன்னும் நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த முனைக்கு வரும்போது என் உள்ளங்கை இன்றைக்கும் வியர்க்கிறது. ஆனால் ஒரு சிகிச்சை நாளையும் நாங்கள் தவறவிடுவதில்லை. முன்பு திறமையைக் காட்டி ஜெபித்த நான், இப்போது வெறுங்கையை நீட்டித்தான் ஜெபிக்கிறேன்.

வாசிக்கிற உங்களில் யாராவது தரையில் விழுந்து கிடந்தால், அழகான வார்த்தை தேட வேண்டாம். ஏலாது என்றால் ஏலாது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். போன கிழமை கார்க் கதவைத் திறந்து, வழக்கம்போல அப்பாவின் இடக்காலைத் தூக்கி உள்ளே வைக்கக் குனிந்தேன். "விடு பிள்ளை," என்றார். முகம் சிவக்க, பல்லைக் கடித்து, அந்தக் காலைத் தானே இழுத்து உள்ளே வைத்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.