கடுகுத் திராட்சை

போடி ரயில் பாதையைக் குட்டி மாதிரியாக வீட்டு முன்னறையில் கட்ட எனக்கு நாலு வருஷம் ஆனது. தண்டவாளம், பாலம், சிக்னல் எல்லாம் என் வேலை. பாதையோரத் திராட்சைப் பந்தலை மட்டும் என் மனைவி செல்வி செய்தாள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவள் அவள். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து இலையாக்கினாள். கடுகை ஊசி முனையில் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டிக் குலையாக்கினாள்.

தேனியில் ஒரு கண்காட்சியில் அதை வைத்தோம். மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ரயில் மாதிரிகள் கட்டுவதில் பெயர் எடுத்தவர். என் ரயில் இரண்டு சுற்று ஓடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பந்தலையே குனிந்து பார்த்தார்.

"இதை யார் செஞ்சது?"

செல்வி என் பக்கத்தில்தான் நின்றாள். "ஆன்லைன்ல வாங்குனது சார்" என்றேன். பொறாமைதான். வேறு பெயர் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

"அப்படியா, லிங்க் அனுப்புங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

செல்வி சண்டை போடவில்லை. லோடு ஆட்டோவில் திரும்பும்போது ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அவுக கேட்டாகல்ல, அனுப்பிவிடுங்க."

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடுங்க" என்றாள். அதன்பிறகு அந்த முன்னறைப் பக்கம் அவள் வருவதில்லை.

இப்போது குலைகள் உதிரத் தொடங்கிவிட்டன. நேற்று நானே ஒட்ட உட்கார்ந்தேன். பத்துக் கடுகுக்கு மேல் என் கையில் நிற்கவில்லை. அடுப்படியில் அவள் தாளிக்க, கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.