சொக்கம்மாள் பார்த்த டைல்ஸ்

டைல்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வெள்ளைதான் கேட்பார்கள். தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீருக்கு வெள்ளை டைல்ஸ் ஆறே மாதத்தில் பழுப்பேறிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்வதில்லை. சொன்னால் அடுத்த கடைக்குப் போய் அதே வெள்ளையை வாங்குவார்கள். ஜெயவேலுக்கும் நான் வெள்ளையைத்தான் காட்டினேன்.

ஜெயவேல் வியாசர்பாடிக்காரர். ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் சிக்னல்மேன் வேலை. கிரேன் ஓட்டுகிறவனுக்கு மேலே இருந்து பார்த்தால் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கையைக் காட்டுவார், அதைப் பார்த்து அவன் தூக்குவான், இறக்குவான். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகியும் அந்தக் கை ஓயவில்லை. என் கடையில் ஆட்கள் பெட்டி இறக்கும்போது நடுவில் போய் நின்று விரலை ஆட்டுவார். அவர்களுக்கு எரிச்சலாக வரும். எனக்கும்தான்.

பாத்ரூமை இடித்துக் கட்டியது அவர் மனைவி சொக்கம்மாளுக்காக. சர்க்கரை அந்த அம்மாவின் கண் இரண்டையும் கெடுத்துவிட்டது. முழுக்க இல்லை, கலங்கலாகக் கொஞ்சம் பார்வை மிச்சம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து, ஜெயவேல்தான் தினமும் குளிப்பாட்டிவிட்டார். மருமகளை அந்த அம்மா கிட்டவே விடவில்லை. புருஷன் குளிப்பாட்டுவதும் பிடிக்கவில்லைதான். வேண்டாம் என்று சொல்லமாட்டாராம். தலையில் தண்ணீர் ஊற்றும்போது சத்தமில்லாமல் அழுவாராம்.

"தண்ணில அழுதா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறா பாய்," என்றார் ஜெயவேல். "அவளா குளிக்கணும், அவ்ளோதான். அதுக்கு ஏத்த மாறி செவுத்துக்கும் தரைக்கும் குடு."

இதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "வெள்ளை போடுங்கண்ணே, பளிச்சுனு வெளிச்சமா இருக்கும்," என்றேன். டாக்டரும் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அவர் தலையாட்டினார். சுவருக்குப் பளபளப்பு வெள்ளை, தரைக்கும் வெள்ளை, வெள்ளை கிளாசெட்.

ஆனால் மொத்தமாக வாங்கவில்லை. ஹார்பரில் கனமான சரக்கை ஒரேயடியாகத் தூக்கமாட்டார்களாம். முதலில் ஓரடி தூக்கி அப்படியே நிறுத்துவார்கள். சங்கிலி தாங்குகிறதா, சரக்கு ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். ஜெயவேல் பாத்ரூமுக்கும் அதே கணக்குத்தான் போட்டார். கொஞ்சம் டைல்ஸை மட்டும் எடுத்துப்போய், சிமெண்ட் பூசாமல் சுவரோரமாக நிற்க வைத்து, தரையிலும் நாலு பரப்பி, லைட்டைப் போட்டு மனைவியை உள்ளே கூட்டிப் போனார்.

மறுநாள் காலையில் அத்தனையும் ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டது.

"பாலுக்குள்ள எறக்கி வுட்ட மாறி கீதாம் பாய். செவுரு எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குது, ஒண்ணும் தெரிலயாம். தண்ணி மொள்ற மக்கு எடுக்கப் போயி செவுத்துல கைய இட்ச்சிகினா."

எடுத்துப்போனதைத் திருப்பி வாங்குவது எங்கள் தொழிலில் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும் பாலிதீன் கவரை வெட்டி ஒட்டியிருந்தார். சர்க்கரை கட்டித் தருகிற மெல்லிய கவர். அதை மாட்டிக்கொண்டு, மனைவிக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தனக்கும் தெரிகிறது என்று நம்பி, ஒவ்வொரு டைல்ஸாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஸ்டூலில் முட்டிக்கொண்டார். சிங்க் வாங்க வந்த தம்பதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் தேடி மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் போட்ட டைல்ஸைப் பிடித்தார். ஹார்பரில் ஆள் விழக்கூடிய இடத்திலெல்லாம் அந்த மாதிரிப் பட்டைதான் அடித்திருப்பார்களாம்.

அதுவும் திரும்பி வந்தது. பட்டையைப் பார்த்ததும் சொக்கம்மாளுக்குத் தலை சுற்றிப் பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

மூன்றாவது தடவை அவர் வாசலில் தலை காட்டியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, எடுத்துனு போறீங்க, கொண்டாந்து வைக்கறீங்க. கடை நடத்தறதா வேணாமா? குளிக்கப் போறது அக்காதானே? அவங்களையே கூட்டிட்டு வாங்க, தொலையட்டும்!"

நான் அறிவோடு சொன்ன யோசனை இல்லை இது, கடுப்பில் கத்தியது. ஆனால் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கண்ணு தெரியாதவள இட்டாந்து டைல்ஸ் பாருன்னு சொல்றதா?"

"பின்ன யாரு பாக்கறது, நீங்களா?"

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தவிர ஒன்றரை வருஷத்தில் அந்த அம்மா வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நல்ல புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. ஜெயவேல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இடது, வலது, படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்குள் கால் வைத்ததும் சொக்கம்மாள் கண்ணைச் சுருக்கினார்.

"பாய், இத்தினி லைட்டு எதுக்கு? அணைங்க."

டைல்ஸ் மின்ன வேண்டும் என்று முப்பது லைட் போட்டிருக்கிறேன். அத்தனையும் அணைத்து ஒன்றை மட்டும் விட்டேன். கடை மூடிவிட்டதென்று நினைத்து ஒருவர் திரும்பிப் போனார்.

அந்த அம்மா டைல்ஸைப் பார்க்கவில்லை. வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து, விரல்களை விரித்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த் தன் கையைப் பார்த்தார். பளபளப்பானதை எல்லாம் ஒதுக்கிவிட்டார். கடைசி மூலையில் ஒரு மங்கல் மஞ்சள் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் தெரியாத்தனமாக எடுத்த சரக்கு. பளபளப்பு கிடையாது, பூ கிடையாது, ஒருத்தரும் சீண்டவில்லை. அதன் மேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை.

"இது போதும். தரைக்கு நல்லா கறுப்பாக் குடு, சொரசொரன்னு."

"யேய், இத்தப் போட்டா டீக்கடை மாறி இருக்கும்மே," என்றார் ஜெயவேல்.

"என் கை எனக்குத் தெரியுது. கறுப்புத் தரையில வெள்ளை மக்கு தெரியும். ஒனக்கு இன்னாய்யா தெரியணும்?"

ஜெயவேல் மஞ்சள் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பாத்ரூமுக்குச் சரக்குக் கொடுத்திருக்கிறேன், குளிக்கப் போகிறவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்த மூன்றாம் நாள் காலையில் மிச்சமான டைல்ஸை எடுத்துவர நானே வியாசர்பாடிக்குப் போனேன். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். வெளியே ஜெயவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு நின்றிருந்தார். ஒன்றரை வருஷமாக அந்த நேரத்தில் அவர் இருந்தது கதவுக்கு உள்ளே.

"சொக்கு, மக்கு கீதா? சோப்பு கீதா?"

"கீது."

தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. அவர் கதவில் கையை வைத்தார்.

"இன்னா ஆச்சு?"

"தலைக்கு சோப்பு போட்டுகினு கீறேன்! வாசல்லயே நின்னுகினு பேஜாரு பண்ணாத. போய்யா அந்தாண்ட!"

நான் சிரித்துவிட்டேன். அந்தக் குரலில் அழுகை சுத்தமாக இல்லை, நல்ல திட்டு. ஜெயவேலும் சிரித்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், எங்கே வைப்பதென்று பார்த்தார், திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"போவச் சொல்லிட்டா பாய்," என்றார். "எங்க போறதுன்னுதான் தெரில."