தண்ணி என்று சொன்னேன்

திருவொற்றியூரில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். அதிகம் பேச மாட்டேன். பேசிய ஒரு வார்த்தையை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஒரு டர்போ கார் வந்தது. இன்ஜின் சூட்டைக் குறைக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே தெளிக்கும் பம்ப்பை அதில் மாட்டச் சொன்னார் ஓனர். மெத்தனால் கேனைக் கொடுக்கும்போதே, "விஷம், ஜாக்கிரதை" என்று சொன்னார். நான் கலந்து, காலி வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். முட்டாள்!

"இன்னா மாமு அது?" என்றான் கூட வேலை செய்யும் டிங்கர் செல்வம்.

"வண்டிக்குத் தண்ணி. உன்ன மாதிரியே இதுவும் தண்ணி அடிச்சாதான் ஓடும்."

இருவரும் சிரித்தோம். விஷம் என்று நான் சொல்லவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தபோது அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சரக்கு சப்புனு கீது மாமு" என்றான். பாட்டிலில் நாலு மடக்கு குறைந்திருந்தது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உயிர் பிழைத்தான். பார்வை மங்கிவிட்டது.

வார்டில் அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அவனைத் திட்டினாள். "ரெண்டு பொண்ண வச்சிகினு, வேல செய்ற எடத்துலகூட குடிக்கணுமாய்யா ஒனக்கு?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலை குனிந்து நின்றேன். கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சமில்லை, கோழைத்தனம்.

அவளிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டட்டும். அவள் வந்து என்னைத் திட்டட்டும்.