மூன்றாம் பாகத்துக்கு அப்பால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் போக்னா பொய் சொல்கிறவள் அல்ல. போலந்தில் பொஸ்னான் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்தவள். இப்போது அவள் ஹெட்போனைத் தொடுவதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கைக்கு வந்தவை ஹலினா ஒசோவ்ஸ்கா இயற்றிய வயலின் கான்செர்ட்டோக்கள், அதாவது பெரிய வாத்தியக் குழுவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்புகள். ஹலினா இறந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை எந்தக் கம்பெனியும் அவற்றைப் பதிவு செய்யவில்லை. பொம்பளை எழுதியதை யார் வாங்குவார்கள் என்று சிரித்தே அனுப்பிவிட்டார்களாம். இப்போதுதான் முதல் இசைத்தட்டு. மறுநாள் காலை போக்னா அதைத் தொகுத்துக் கொடுத்தாக வேண்டும்.

வெளியே பனி. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கூடத்தில் அவள் மட்டும்.

இரண்டாவது கான்செர்ட்டோவின் மூன்றாவதும் கடைசியுமான பாகம் ஓடிக்கொண்டிருந்தது. வயலினுக்கு அடியில் ஏதோ கேட்டது... ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல.

வயலின் வாசித்த செவெரினுக்குப் போன் போட்டு, பதிவின்போது பக்கத்தில் யாராவது பாடினார்களா என்று கேட்டாள்.

"யாரும் பாடல. மத்தியானம் பீட்ரூட் சூப்புல வோட்காவை ஊத்திக் குடிச்சியா?" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

வாத்தியக் குழுவில் யாரோ முனகியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பதிவில் ஒவ்வொரு மைக்கின் ஒலியாக அடைத்துக்கொண்டே வந்தாள். புல்லாங்குழல்கள் நின்றன. செல்லோக்கள் நின்றன. கடைசியில் வயலினும் நின்றது.

முனகல் நிற்கவில்லை.

பதிவையே நிறுத்தினாள்.

அப்போதும்...

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

இப்போது அது அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்ப முடியவில்லை. கான்செர்ட்டோவில் இல்லாத ஒரு மெட்டு. தயங்கித் தயங்கி... ஓரிடத்தில் தடுமாறி, மறுபடி பிடித்து... புதிதாக மெட்டுக் கட்டுகிறவர்கள் பாடிப் பார்ப்பதுபோல.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

ஓடினாள். கோட்டைக்கூட எடுக்கவில்லை.

காலையில் செவெரினைக் கூட்டிவந்து போட்டுக் கேட்டபோது பதிவு முனகல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. இசைத்தட்டு வெளிவந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்த மெட்டு மட்டும் போக்னாவின் தலையை விட்டுப் போகவில்லை.

ஹலினாவின் அண்ணன் மகள் தியோதொரா நன்றி சொல்ல வந்திருந்தாள். தேநீர் கொடுத்துவிட்டு, போக்னா மெதுவாக அந்த மெட்டைப் பாடிக் காட்டினாள். தியோதொரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இதை நீ எங்க கேட்டம்மா?"

"உங்க அத்தை எழுதினதா?"

"எழுதல. ஆஸ்பத்திரியில கடைசியா முனகினாங்க. ரூம்ல நான் ஒருத்திதான் இருந்தேன். யார்கிட்டயும் நான் பாடிக் காட்டினதில்ல."

தான் பாடியது முழுவதும் அதே மெட்டுதானா என்று போக்னா கேட்டாள்.

"பாதிதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல பாடறதுக்குள்ள அத்தை உயிர் போச்சு."